கட்டில் இல்லாத ஹால்

கட்டில்தான் இடைஞ்சல் என்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார் தரகர் சுப்பராயலு. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வூடு விக்கறதுக்கு உம் பொண்ணு போன்ல புடிச்ச போட்டோவத்தான் இத்தினி நாளா நெட்டுல போட்டு வெச்சிருந்தேன். ரெண்டு மாசத்துல நாலே நாலு பேரு கூப்டான். நாலு பேரும் இன்னா கேட்டான் தெரியுமா? கட்டில்ல படுத்துகினு கீறாரே, அவரு யாரு, இன்னா சீக்குன்னு கேட்டான். வூட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

கட்டிலில் கிடந்த பாட்சா சிரித்தான். "நான் போட்டோல அவ்ளோ ஷோக்கா கீறேனா அண்ணா?"

அவன் மனைவி சித்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, "இப்ப இன்னா பண்ணணும்ன்ற?" என்றாள்.

"வியாழக்கிழமை ஒரு மேடம் வருவாங்க. பெரிய கேமரா. வூடு புடிக்கறதுதான் அவங்க வேலையே. ஒரு மணி நேரம் இருப்பாங்க. அதுக்குள்ள கட்டிலு, மருந்து, அந்த மூத்திரப் பை, மிஷினு, ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. செவுத்துக்குப் பெயிண்டு அடிச்சிடு. நாத்தம் அடிக்கற மாதிரி எதுவும் ஆக்காத."

"போட்டோல நாத்தம் வருமா?"

"போட்டோ நல்லா வந்தா மறுநாளே பார்ட்டி வருவான்மா. அவனுக்கு மூக்கு கீதுல்ல?"

"இவர எங்க வெக்கறது?"

சுப்பராயலு கட்டிலைப் பார்த்தார், பாட்சாவைப் பார்க்கவில்லை. "அத நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் குடியிருப்பு குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே இருந்தது. பன்னிரண்டு வீடுகள். கட்டியவன் லிஃப்ட் வைத்துத் தருவதாகச் சொல்லி அதற்கென்று ஒரு குழியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். பதினோரு வருஷமாக அந்தக் குழியில் உடைந்த நாற்காலியும் பழைய கமோடும்தான் சேர்ந்துகொண்டிருந்தன. வாங்கும்போது பாட்சாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பெயிண்டர் அவன். நாள் முழுக்க சாரத்தில் ஏறி இறங்குகிறவனுக்கு மூன்று மாடி ஒரு மாடியா? இருபது லிட்டர் பெயிண்ட் டப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன், மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டுக்கு வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தின் பலகை ஒடிந்தது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டில் படுக்கையறை வாசலில் நுழையாததால் ஹாலே அவன் அறையாகிவிட்டது. கைகள் இரண்டும் பழையபடி வலுவாகவே இருந்தன. வாரம் மூன்று நாள் அழைத்து வந்து பயிற்சி கொடுத்தால் தானே சக்கர நாற்காலியில் ஏறி உட்காருவான், உட்கார்ந்தபடி ஏதாவது தொழில்கூடச் செய்வான் என்றார் டாக்டர். இப்படியே மேலே படுக்கப் போட்டிருந்தால் படுக்கைப் புண்ணே ஆளைத் தின்றுவிடும் என்றும் சொன்னார்.

வாரம் மூன்று நாள் எப்படிக் கொண்டுபோவது? ஒவ்வொரு தடவையும் நாலு பேர் வேண்டும், போர்வையின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கி இறக்க. போன ரம்ஜானுக்கு முந்தின வாரம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவன் கை நழுவி பாட்சாவின் இடுப்பு படியில் மோதியது. அவனுக்கு வலி தெரியவில்லை. சித்திகாவுக்குத்தான் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதற்கப்புறம், "செத்தா இறக்கு, இல்லாட்டி என்ன வுட்டுடு" என்று சொல்லிவிட்டான்.

கீழ்த்தளத்தில் வாடகைக்குப் பதினோரு வீடு பார்த்தாள். படுத்த படுக்கையான ஆள் என்று தெரிந்ததும் ஒருவரும் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். கடைசியில் பொழிச்சலூரில் சத்தியநாதன் என்ற பெரியவர் தன் சின்ன வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகத் தெரிந்தது. இரண்டு அறை, தெருவோடு சமமான வாசல். மாசக் கடைசி வரைக்கும் வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். மாசம் முடிய பதினைந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே சித்திகா பெயிண்ட் வாங்கி வந்தாள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. மகள் ஃபாயிசா துணிக்கடை வேலை முடிந்து வர ஒன்பது மணியாகும். பகலெல்லாம் சித்திகாவே முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். கட்டிலில் படுத்தபடி பாட்சா மேஸ்திரி வேலை பார்த்தான்.

"உப்புத்தாள வட்டமா தேய்க்காதடி. நெடுக தேய். ஆங்... அப்படித்தான். பட்டி வெக்கறப்ப பிளேட சாய்ச்சி வெக்கணும். தோசைக்கு மாவு இழுக்கற மாதிரி இழுக்காத."

"நான் இன்னா உன்ன மாதிரி முப்பது வருஷமா இழுத்தேன்?"

"ரோலர்ல எத்தினி பெயிண்ட முக்கற? கீழ பாரு, சொட்டுது. எவன் வூட்டு பெயிண்டு?"

"நம்ம வூட்டு பெயிண்டுதான்யா. நீதான் ஊரான் வூட்டுக்கெல்லாம் அடிச்ச. நம்ம வூட்டுக்குன்னு ஒரு நாள் தொட்டியா நீ?"

தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கும் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. "நாள் கெடைக்கல" என்றான் அப்புறம்.

கட்டிலை நகர்த்தியபோது அவன் தலைமாட்டுச் சுவரில், தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருஷமாகத் தலை சாய்ந்த இடம். பிரைமர் போட்டும் போகவில்லை. முதல் கோட்டுக்கு அடியிலிருந்து மஞ்சளாக எழும்பி வந்தது. இரண்டாவது கோட்டுக்கும் வந்தது. சித்திகா உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எண்ணெ. சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, காயவெச்சி, அப்பால அடி. மூணாவது கோட்டுல மறைஞ்சிடும்" என்றான் பாட்சா. "எந்தக் கறையா இருந்தாலும் மறைஞ்சிடும். நான் பாத்திருக்கேன்."

நாலு நாளும் வீட்டில் மீன் பொரிக்கவில்லை, கருவாட்டை நினைக்கவே இல்லை. காலையில் ரவைக் கஞ்சி, மத்தியானம் சோறும் தயிரும். புதன்கிழமை பாட்சா, "பொணத்துக்கு வெக்கற மாதிரி தயிர் சோறாவே வெக்கறியே. ஒரு சால்னாகூட கெடையாதா?" என்றான். அவள் ஃபாயிசாவை அனுப்பி முக்கு ஹோட்டலில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வரச்சொல்லி, பின்பக்க பால்கனியில் வைத்து பரோட்டாவை நனைத்து எடுத்துவந்து ஊட்டினாள், புதுச் சுவரில் வாசனை ஏறிவிடக் கூடாது என்று.

வியாழக்கிழமை பாட்சாவை எதிர்வீட்டில் ஒரு மணி நேரம் படுக்க வைப்பதாக ஏற்பாடு. எதிர்வீட்டு வேதாசலம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். ஆனால் அன்று காலை எட்டு மணிக்குக் கதவைப் பாதி திறந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"சித்திகா, மருமக நேத்து ராத்திரி கொழந்தையோட வந்துட்டாம்மா. கைக்கொழந்தை. புண்ணு இருக்கற ஆளு, ஏதாவது ஒட்டிக்குமோன்னு பயப்படறா. நான் சொல்லிப் பார்த்தேன்."

"பரவால்ல சார்."

"கட்டில கழட்டி மொட்டை மாடியில வெக்கறதுக்கு வேணா நான் வரேன்."

கட்டில் மொட்டை மாடிக்குப் போயிற்று. பாட்சாவைப் போர்வையோடு படுக்கையறைத் தரையில் இறக்கினார்கள். மருந்துப் பெட்டி, சிறுநீர்ப் பைகள், தையல் மிஷின், துணி மூட்டை எல்லாம் வேதாசலத்தின் வாசலில் அடுக்கியாயிற்று. ஹால் காலியாகக் கிடந்தது. ஃபாயிசா கடையிலிருந்து கடனாக வாங்கி வந்த திரைச்சீலையை மாட்டிவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து பார்த்து, "அம்மா, நம்ம ஹாலு இத்தினி பெருசா?" என்றாள்.

போட்டோக்காரப் பெண் பெயர் ஜெயஸ்ரீ. முப்பத்தைந்து வயதிருக்கும். பேண்ட் சட்டை, முதுகில் பெரிய பை. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். சமையலறை, பால்கனி, ஹால் என்று வரிசையாக எடுத்தாள். பிறகு பாட்சாவை ஹாலுக்கு இழுத்து வந்து போட்டுவிட்டுப் படுக்கையறையை எடுத்தார்கள். போர்வையின் தலைப்பக்கம் சித்திகா, கால்பக்கம் ஃபாயிசா. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஜெயஸ்ரீ கேமராவின் பின்புறத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சாரிம்மா. ஹால் ஷாட் சரியா வரல. அப்போ வெயில் இல்ல, இப்போதான் லைட் நல்லா வருது. இன்னொரு தடவை எடுத்துடலாமா? இது வைட் லென்ஸ். பெட்ரூம் டோரும் திறந்து இருந்தா வீடே பெருசா தெரியும். அதுதான் ஃபர்ஸ்ட் போட்டோவா போடுவாங்க."

"பெட்ரூம் கதவு தொறந்து இருக்கணுமா?"

"ஆமா. கிச்சனும் கொஞ்சம் தெரியும்." அவள் தரையில் கிடந்த பாட்சாவைப் பார்த்தாள். "சாரை... பால்கனில?"

"பால்கனியும் தெரியுமேம்மா, கண்ணாடிக் கதவு."

வீட்டில் கதவு மூடுகிற மாதிரி இருந்த இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலில் சொன்னவன் பாட்சா. "பாத்ரூம்ல வை."

"வேணாம் சார்" என்றாள் ஜெயஸ்ரீ. "நான் வேற ஆங்கிள்ல ட்ரை பண்றேன்."

"அப்படி எடுத்தா நல்லா வருமா?" என்று கேட்டாள் சித்திகா.

ஜெயஸ்ரீ பொய் சொல்லத் தெரியாதவளாக இருந்தாள். லென்ஸின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"புடி, ஃபாயிசா" என்றாள் சித்திகா.

குளியலறை நாலடிக்கு ஆறடி. காலையில் கழுவிவிட்ட ஈரம் காயவில்லை. பழைய பஞ்சுமெத்தையை மடித்துப் போட்டு அதன்மேல் அவனை வைத்தார்கள். முழு நீளத்துக்குக் கால் நீட்ட இடமில்லை. சித்திகா அவன் முழங்கால்களை மடக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தாள். அவை அவள் சொன்னபடி நின்றன. தலை கமோடின் பக்கத்தில் இருந்தது. சிறுநீர்ப் பையைப் பக்கெட்டின் காதில் மாட்டினாள்.

"அத்தா, ரெண்டே நிமிஷம்" என்றாள் ஃபாயிசா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"போ, போ. லைட்டு போயிடப் போவுது."

சித்திகா கதவைச் சாத்தினாள். தானாகத் திறந்துகொள்கிற கதவு, அதனால் வெளித் தாழ்ப்பாளையும் போட வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் போட்ட கையை அவள் நெடுநேரம் எடுக்கவில்லை. ஜெயஸ்ரீ "கொஞ்சம் நகர்ந்துக்கோங்கம்மா" என்றபோதுதான் நகர்ந்தாள்.

இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. திறந்தபோது பாட்சா கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. "ஆச்சா?" என்றான். தூக்கும்போது மெத்தையில் ரத்தமும் நீருமாக ஈரம் படர்ந்திருந்தது. மடக்கிய நிலையில் புண் வாய் திறந்திருந்தது. ஜெயஸ்ரீ கேமராப் பையை மாட்டிக்கொண்டு அவசரமாக இறங்கினாள். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து, "என் நம்பர் இது. ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

படங்கள் சனிக்கிழமை இணையத்தில் ஏறின. சுப்பராயலு போனிலேயே குதித்தார். "பிரமாதம்மா! இத்தினி வருஷம் வூடு விக்கறேன், இந்த மாதிரி படம் பாத்ததில்ல. காலையிலருந்து பதினேழு போன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டிய இட்டாறேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. முடிச்சிடலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. வூடு காலியா கீதுன்னு சொல்லியிருக்கேன், அந்நேரத்துக்கு அவரையும் மொட்டை மாடிக்கு ஏத்திடு. நடுவுல எதையாச்சும் ஒளறி வெக்காத."

சித்திகா "சரி" என்றாள். பாட்சாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே காய்ச்சல் அடிப்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது காய்ச்சல் நடுக்கத்தில் அவன் பல் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. பையில் நீர் காபி நிறத்தில் இருந்தது.

"ஆம்புலன்ஸ கூப்டறேன்யா."

"பார்ட்டி வந்துட்டுப் போவட்டும்."

"பதினோரு மணியாவும்."

"ஆவட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் ஆவாது எனக்கு. அவன் வர்ற நேரத்துல கீழ ஆம்புலன்ஸ் நின்னா எவன் மேல ஏறுவான்?"

அவள் காத்திருந்தாள். இதை அப்புறம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், தன்னை மன்னிக்க முடிந்ததில்லை. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள். பத்து மணிக்கு அவன் அவளை "ஆபா" என்று கூப்பிட்டான். இறந்துபோன அக்காள் என்று நினைத்துவிட்டான். அப்போதுதான் அவள் போனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷமாயிற்று. வந்தவர்கள் இரண்டு பேர். படி குறுகலாக இருந்ததால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று போர்வையிலேயே தூக்கினார்கள். தலைப்பக்கம் அவர்கள் இரண்டு பேரும், கால்பக்கம் வேதாசலமும் ஃபாயிசாவும். சித்திகா சிறுநீர்ப் பையைத் தாழப் பிடித்தபடி முன்னால் இறங்கினாள். வெளிக்காற்று பட்டதாலோ என்னவோ பாட்சாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கீழேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. சுப்பராயலு முன்னால் ஏறி வந்தார். பின்னால் ஒரு இளவயசுக்காரனும், இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவியும். வழி இல்லை. மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். போர்வை அவர்கள் மார்பை உரசிக்கொண்டு நின்றது.

"அய்யோ, என்னாச்சு? யார் இவரு?" என்றாள் அந்தப் பெண்.

சுப்பராயலுவின் கண் சித்திகாவின் கண்ணைத் தொட்டு விலகியது. "இது வேற வூட்டுக்காரங்க மேடம். உடம்பு சரியில்ல போல" என்றார்.

சித்திகா பையைப் பிடித்தபடி குனிந்துகொண்டாள். ஃபாயிசா அம்மாவைப் பார்த்தாள். வேதாசலம் இருமினார். அப்போது போர்வைக்குள்ளிருந்து பாட்சா பேசினான்.

"மூணாவது மாடி வூடா சார்? நல்ல வூடு. காத்து நல்லா வரும். போய்ப் பாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "அக்கம்பக்கமும் நல்ல ஜனம்."

"தேங்க்ஸ் அண்ணா. சீக்கிரம் குணமாயிடும்" என்றான் அந்த இளைஞன்.

கீழே இறக்கி வண்டியில் ஏற்றியாயிற்று. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போல ஃபாயிசா வீட்டைக் காட்ட மேலே ஓடினாள். ஆனால் வண்டி கிளம்ப முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி ஒன்று எதிர்ச்சாரி வீட்டுத் தொட்டிக்குக் குழாய் போட்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், இறங்கிப் போய்க் கத்தினார். குழாயைச் சுருட்டுகிறோம் என்றார்கள், சுருட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்கதவு திறந்து கிடந்தது. வெயில் பாட்சாவின் முகத்தில் விழுந்தது. சித்திகா முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்தாள்.

வீடு பார்க்கப் போனவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். சுப்பராயலுவின் முகம் மலர்ந்திருந்தது. காரை நோக்கி அவர்களை நடத்திக்கொண்டு போனவரால், அந்த இளைஞன் ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பியதைத் தடுக்க முடியவில்லை. அவன் நல்ல பையன். கதவருகே வந்து நின்றான்.

"இன்னும் கிளம்பலையா? இப்போ எப்படி இருக்கு அண்ணா? வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வாங்கினா நாம எல்லாம் ஒரே பில்டிங்தான். நீங்க எந்த ஃபிளாட்டு?"

பாட்சா வாயைத் திறந்தான். ஏதோ ஒரு நம்பரைச் சொல்லியிருப்பான். சொல்வதற்குள் சித்திகா முந்திக்கொண்டாள்.

"அதே வூடுதான் தம்பி. நீங்க பாத்துட்டு வந்த வூடுதான் எங்க வூடு. இவரு எங்க வூட்டுக்காரரு."

சுப்பராயலு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். "ஆனா வீடு காலியா இருக்குன்னு... போட்டோலகூட யாரும் இல்லையே?"

"போட்டோ எடுக்கறப்ப இவர பாத்ரூம்ல போட்டு வெளில தாப்பா போட்டுட்டேம்மா" என்றாள் சித்திகா. "லிஃப்ட் இல்ல. இவர ஏத்தி இறக்க முடியல. அதான் விக்கறோம். வேற ஒண்ணும் கொறை இல்ல வூட்டுல."

அந்த இளைஞன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் காரில் ஏறிக்கொண்டார்கள். லாரி நகர்ந்தது. கதவைச் சாத்தினார்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறும்போது போன் வந்தது. சித்திகா எடுத்தாள். "பார்ட்டி வேணான்ட்டாங்க" என்றார் சுப்பராயலு. "படில பாத்த மனுஷன் மூஞ்சி கண்ணுலயே நிக்குதாம். அந்தம்மா அழுவுது. இன்னா பொம்பள நீ? வேற ஆளப் பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

பாட்சா கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்டி சொன்ன? முடிஞ்சிருக்கும்டி. கை நீட்டற நேரத்துல தட்டிவுட்டுட்டியே. நானே ஒண்ணும் சொல்லல, உனக்கு இன்னா வந்துச்சு?"

"உன்ன அந்த ரூம்ல வெச்சி தாப்பா போட்டேன். படிக்கட்டுல அந்தாளு உன்ன வேற வூடுன்னான், வாய மூடிகினு நின்னேன். மூணாவது தபா முடியலய்யா."

"மாசக் கடைசிக்கு பத்து நாளுகூட இல்ல. பொழிச்சலூர் வூடு போச்சு."

"போச்சு."

சிக்னலில் வண்டி நின்றது. சைரன் கத்தியும் முன்னால் நின்ற பஸ் நகர வழியில்லை. பாட்சா அவள் கையைத் தேடிப் பிடித்தான். அவன் கை நெருப்பாகக் கொதித்தது, ஆனால் பிடி பழைய பிடியாக இருந்தது.

"திரும்பி வந்தா அந்த மூணு மாடி ஏத்துவீங்களேடி. என்னால முடியாது."

"ஏத்த மாட்டேன்."

"அப்ப எங்க போவ?"

"தெரியல" என்றாள் சித்திகா. பஸ் நகர்ந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியபோது அவன் தலை பலகையில் இடிக்காமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். "தெரியலய்யா. ஆனா ஏத்த மாட்டேன்."